சங்கம் என்ன செய்தது என்று கேட்ட கேப்டன்

லாரி உரிமையாளர் சங்கம், நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கம், எந்தச் சங்கத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தலைவர் ஒருவர் இருப்பார், செயலாளர் ஒருவர் இருப்பார், பொருளாளர் ஒருவர் இருப்பார். இந்த மூவரும் இல்லாமல்கூட ஒரு சங்கம் நாலைந்து வருஷம் ஓடிவிடும். ஆனால் நான்காவதாக ஒருவர் இருக்கிறார் பாருங்கள், அவர் இல்லாத சங்கம் இதுவரை பதிவானதே இல்லை. "சங்கம் என்னதான் பண்ணுச்சு?" என்று கேட்கிறவர் அவர்.

அவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். கூட்டத்துக்கு வரமாட்டார். ஆனால் கூட்டத்தில் எடுத்த முடிவு, கூட்டம் முடிந்த பத்தாவது நிமிஷம் அவருக்குத் தெரிந்துவிடும். அது தப்பான முடிவு என்பது பதினோராவது நிமிஷம் தெரிந்துவிடும். தேர்தலில் நில்லுங்கள் என்றால், "நமக்கு எதுக்குங்க அந்த அரசியல்" என்று கையை உதறிவிட்டுப் போவார். நிற்கிறவரைக் காட்டினால், "பதவி ஆசை புடிச்சவன்" என்பார். செயலாளர் அடிக்கடி அறிக்கை விட்டால் விளம்பரம், விடாவிட்டால் மூடுமந்திரம். நிர்வாகத்தோடு பேசி முடித்தால் விலைபோய்விட்டான், முடிக்காமல் எழுந்து வந்தால் பேசத் தெரியாதவன்.

கெட்டவரா என்றால், இல்லவே இல்லை. பெரும்பாலும் தன் தொழிலில் கெட்டிக்காரராக இருப்பார். இரக்கம் உள்ளவராகவும் இருப்பார். சிக்கலே அதுதான்.

இந்த இனத்தில் தரையில் நடமாடுகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். பறக்கிறவர் ஒருவரைப் பார்ப்போம்.

கேப்டன் பூபதிக்கு நாற்பத்து நாலு வயது. திருச்செங்கோட்டிலிருந்து மல்லசமுத்திரம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அவர் ஊர். பதினான்கு விமானங்கள் வைத்திருந்த ஒரு சின்னக் கம்பெனியில், எழுபது பேர் உட்காருகிற, இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றுகிற விமானத்தைப் பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறார். ஊரில் அதை 'ஃபேன் வச்ச ஏரோப்ளேன்' என்பார்கள். ஓட்டுவதில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. தூத்துக்குடியில் கடல்காற்று குறுக்கே அடிக்கிற நாளிலும், தூங்குகிற பயணி விழிக்காதபடி தரையில் இறக்கி வைப்பார். இறங்கிய பிறகு, பக்கத்து இருக்கைக்காரரிடம் சங்கத்தைப் பற்றி ஆரம்பிப்பார்.

அப்படி இருக்கையில் கம்பெனிக்குக் கெட்ட காலம் வந்தது. வாடகைக்கு எடுத்திருந்த விமானங்களில் ஆறை, வாடகைக்கு விட்டவர்கள் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விமானம் எட்டு; விமானிகளோ பதினான்குக்குத் தேவையான அத்தனை பேர். நாற்பது பேரை வேலையை விட்டு அனுப்புகிறோம் என்றது நிர்வாகம். விமானிகள் சங்கம் மூன்று வாரம் மல்லுக்கட்டியது. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. யாருக்கும் வேலை போகாது. பதிலுக்கு எல்லாருடைய சம்பளத்திலும் கால் பங்கு வெட்டு, நாற்பது பேருக்கு ஆறு மாதம் சம்பளமில்லா விடுப்பு. அந்த நாற்பதில் பதினோரு பேர் கேப்டன்கள். பதினொன்றில் ஒருவர் பூபதி.

செய்தி வந்தபோது அவர் தூத்துக்குடி விமான நிலையத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சங்கச் செயலாளர் கேப்டன் பிரபா எல்லாருக்கும் அனுப்பியிருந்த அறிக்கையை முழுதாகப் படித்தார். இட்லியை அப்படியே வைத்துவிட்டார். "நாம என்ன அடிமைகளா? யாரைக் கேட்டு இதுக்கு ஒத்துக்கிட்டாங்க?" என்று மேசைக்கு எதிரே இருந்த சரக்குப் பிரிவு ஊழியரைக் கேட்டார். அந்த மனிதருக்கு எந்த ஒப்பந்தம் என்றே தெரியாது. பாவம், "தப்புதான் சார்" என்றார்.

யாரைக் கேட்டு ஒத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறுப்பினர்களைக் கேட்டுத்தான் ஒத்துக்கொண்டார்கள். அதற்கு முந்திய வாரம் வீடியோவில் கூட்டம் நடந்தது. பூபதியும் அதில் இருந்தார். கேமராவை அணைத்து, ஒலியை அணைத்து, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காரை சர்வீஸுக்கு விட்ட பட்டறையில் பிரேக் ஷூ தேய்ந்ததைப் பற்றி மெக்கானிக்கோடு வாதாடிக்கொண்டிருந்தார். ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கலாம் என்று பிரபா அந்தப் பைக்குள்ளிருந்தே இரண்டு முறை கேட்டார். பைக்குள் யார் கை தூக்குவது?

ஊருக்கு வந்து சேர்ந்தார். மனைவி சண்முகப்பிரியா அங்கே பன்னிரண்டாயிரம் முட்டைக்கோழிகள் வைத்துப் பண்ணை நடத்துகிறார். கணவர் மாதத்தில் எட்டு நாள் வந்து போகிற மனிதராக இருந்தவரை குடும்பம் சௌகரியமாக நடந்தது. இப்போது முப்பது நாளும் வீட்டில். முதல் வாரமே கையில் ஒரு தாளோடு பண்ணைக்குள் போய், தீவனம் பார்த்தாச்சா, தண்ணீர்க் குழாய் பார்த்தாச்சா, மின்விசிறி பார்த்தாச்சா என்று ஒவ்வொன்றாக டிக் அடிக்க ஆரம்பித்தார். வேலையாட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏனுங்க, கோழி எங்கயும் பறக்கப் போறதில்லீங்க. நீங்க செத்த பேக்கரிப் பக்கம் போயிட்டு வாங்க" என்றார் சண்முகப்பிரியா.

பேக்கரியில் மணியன் இருந்தான். பூபதியோடு பள்ளியில் படித்தவன், இப்போது இரண்டு ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவன்.

"என்ன மாப்ள, ஊர்லயே சுத்தற. ஏரோப்ளேன் ஓடலையா?"

"ஓடுது. நான்தான் ஓட்டல. சங்கத்துக்காரங்க வித்துப்போட்டாங்க."

"எதய?"

"என்னயத்தான்."

மணியன் டீயைக் கீழே வைத்தான். "எங்க சங்கம் மட்டும் என்ன வாழுதுங்கற? டீசல் ஏறிப்போச்சு, அடிக்கு எவ்வளவு சேத்தி வாங்கறதுன்னு பேசறதுக்குக் கூட்டம் போட்டாங்க. போண்டாவத் தின்னு போட்டுக் கலஞ்சு போயிட்டாங்க."

"நீ என்ன பேசின?"

"நான் எங்க போனேன்? எனக்கு வேற சோலி இல்லையா?"

இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு அவர்களுக்குள் இருந்த சினேகம் ஒரு படி கூடிப்போயிற்று.

இது பரவும் குணம் போலிருக்கிறது. சண்முகப்பிரியாவுக்கும் காலையில் முட்டை விலை போனில் வந்தவுடன் அதே பேச்சுத்தான். "விலை வெக்கற கமிட்டில உக்காந்திருக்கறவிங்க, தீவன மூட்டை என்ன விலைன்னாச்சும் கேட்டிருப்பாங்களா?" என்பார். பூபதி ஒருநாள், "நீ அந்தக் கூட்டத்துக்கு ஒருக்காலாச்சும் போயிருக்கயா?" என்று கேட்டார். "அதுக்கெல்லாம் ஆருக்குங்க நேரம்?" என்றார் மனைவி. ஒரு மனிதர் இப்படிக் கூட்டத்துக்கே போகாமல் குறை சொல்லலாமா என்று பூபதிக்கு உள்ளூர வருத்தமாக இருந்தது. மனைவியை நினைத்துத்தான்.

பிறகு தினமும் காலை ஐந்தரைக்கு எழுந்து, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கடிதம் எழுதுவது என்று வைத்துக்கொண்டார். 'யாரையும் புண்படுத்தும் நோக்கம் எனக்கு இல்லை' என்று அது ஆரம்பிக்கும். அந்த வரியைப் படித்ததும் பிரபா நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார் என்று கேள்வி. சம்பளத்தை வெட்ட ஒத்துக்கொண்ட நீங்கள் நிர்வாகிகளின் சம்பளத்தைக் கேட்டீர்களா, கணக்குப் புத்தகத்தைப் பார்த்தீர்களா, ஆறு மாதம் என்று யார் முடிவு செய்தது, ஏன் அறுபது நாள் இல்லை, ஏன் முப்பது நாள் இல்லை, ஒருநாள் எல்லாரும் விமானத்தைத் தொடாமல் இருந்திருந்தால் கம்பெனி காலில் விழுந்திருக்காதா என்று போகும். குழுவில் நாலு பேர் கட்டைவிரல் படம் போடுவார்கள். ஒருவர் கைகூப்பும் படம் போடுவார். மற்றவர்கள் தனியாகப் பேசுவார்கள்.

தனியாகப் பேசியவர்களில் சிவக்குமார் முக்கியமானவன். கெங்கவல்லிப் பக்கத்து விவசாயக் குடும்பம். இரண்டு ஏக்கரை விற்று அவனை விமானி ஆக்கினார்கள். இருபத்தாறு வயது, கோ-பைலட். பூபதிக்குப் பக்கத்து இருக்கையில் நூறு தடவைக்கு மேல் பறந்திருக்கிறான். அவன் விடுப்பில் இல்லை, வேலையில்தான் இருந்தான். குரல் பதிவு அனுப்புவான்: "கேப்டன், செம கேள்வி கேட்டீங்க. எங்களால வாயத் தெறக்க முடியாது. நீங்கதான் கேக்கணும். என் பேர மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க."

இதைக் கேட்ட நாளெல்லாம் பூபதிக்குச் சட்டை கொஞ்சம் இறுகும்.

பிரபாவுக்கு அவர் பதினோரு தடவை போன் செய்தார். பிரபா மேட்டூர்ப் பெண்மணி. அப்பா அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரபாவும் கேப்டன்தான், முப்பத்தெட்டு வயது, சுருக்கமாகப் பேசுவார், சில சமயம் வெடுக்கென்று இருக்கும். பன்னிரண்டாவது தடவை எடுத்தார்.

"சொல்லுங்க பூபதி சார். ரெண்டு நிமிஷம் இருக்கு."

பூபதிக்குச் சொல்ல வேண்டியது இரண்டு மணி நேரத்துக்கு இருந்தது. ஆகையால் ஒன்றுமே சொல்லாமல் வைத்துவிட்டார்.

விடுப்பு நான்காவது மாதத்தில் இருக்கும்போது நிர்வாகம் மறுபடி ஓலை அனுப்பியது. இன்னும் நிலைமை சரியாகவில்லை, புதிதாகப் பேச வேண்டும் என்று. சங்கம் பொதுக்குழுவைக் கூட்டியது. சென்னைக்காரர், கோயம்புத்தூர்க்காரர், பெங்களூர்க்காரர் எல்லாருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று சேலத்தில் வைத்தார்கள். பூபதியின் கருத்து வேறு. "அந்தம்மா மேட்டூர்ல அப்பா ஊட்ல மீன் கொழம்பு சாப்பிட்டுப் போட்டு அப்பிடியே வாரதுக்காக இங்க வெச்சிருக்குது" என்றார் பேக்கரியில்.

ஆனால் சேலம் பக்கத்தில் இருந்ததே அவருக்கு வினையாயிற்று. போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மேலும் ஒரு மாதமாகவே, நேரில் பார்த்தால் என்ன பேசுவேன் தெரியுமா என்று சொல்லிச் சொல்லிப் பதினான்கு கேள்விகள் தயாராகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு ஓட்டலின் மாடி. அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். பிரபா நிலைமையைச் சொன்னார். பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார். பூபதி எழுந்தார்.

அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். இருபத்தைந்து நிமிஷம். ஒவ்வொரு கேள்விக்கும் கைதட்டல். ஒன்பதாவது கேள்வியில் உச்சத்துக்குப் போய்விட்டார். "பேசப் போறவங்க எதுக்குங்க ஒவ்வொன்னுக்கும் எங்ககிட்டக் கேட்டுட்டு வாரோம்னு திரும்பி வாரீங்க? அங்கயே உக்காந்து, அங்கயே முடிவெடுத்து, அங்கயே கையெழுத்துப் போடற துணிச்சல் இருக்கறவங்க போகோணும்." கூரை அதிர்ந்தது. பின்வரிசையில் சிவக்குமார் எழுந்து நின்று தட்டினான்.

கைதட்டல் அடங்கும்வரை பிரபா காத்திருந்தார். தண்ணீர் குடித்தார்.

"கேப்டன் சொல்றது சரின்னு எனக்கும் படுது. பேச்சுவார்த்தைக் குழுவுல மூணு பேர். நான், ஜெயபிரகாஷ், தனசேகர். தனசேகர் வளைகுடாவுல வேலை கிடைச்சு போன வாரம் போயிட்டார். அந்த இடத்துக்கு கேப்டன் பூபதி பேரை முன்மொழியறேன். அங்கயே முடிவெடுக்கற அதிகாரத்தையும் இந்தக் கூட்டம் குழுவுக்குக் கொடுக்கணும்."

முன்னைவிடப் பலமான கைதட்டல். பூபதி "இல்லீங்க, நான் வந்து..." என்று ஏதோ சொன்னார். கைதட்டலில் கேட்கவில்லை. பதவி இப்படித்தான் வருகிறது, ஐயா. ஆசைப்பட்டவர்களுக்கு மட்டும் வருகிறது என்று யார் சொன்னது?

அடுத்த புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, சென்னை விமான நிலையத்துக்கு எதிரே கம்பெனி அலுவலகத்தில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகத்தின் சார்பில் பேச வந்தவர் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். காபியா டீயா என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார். ஊருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும், மழை உண்டா என்றெல்லாம் விசாரித்தார். சண்டைக்குத் தோள் தட்டிக்கொண்டு வந்த பூபதிக்கு இது பிடிக்கவில்லை. எதிராளி கத்தினால்தானே நாமும் கத்த முடியும்?

முதல் கேள்வியைக் கேட்டார். "மேல இருக்கறவங்க சம்பளத்த வெட்டுனீங்களா?"

"நல்ல கேள்வி கேப்டன். போன வருஷமே பாதியாக்கியாச்சு" என்று அந்த மனிதர் ஒரு தாளை நகர்த்தினார். தாளின் மூலையில் பிரபாவின் கையெழுத்து இருந்தது. நாலு மாதத்துக்கு முன்பே கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார்.

இரண்டாவது கேள்விக்கும் ஒரு தாள் இருந்தது. மூன்றாவதற்கும். ஐந்தாவதில் பூபதி தன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

பிறகு அந்த மனிதர் விஷயத்துக்கு வந்தார். கம்பெனி இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். கோ-பைலட்டுகளில் இருபத்திரண்டு பேரை மாதக் கடைசியில் வேலையை விட்டு எடுப்பது ஒன்று. இல்லையென்றால், விடுப்பில் இருக்கிற பதினோரு கேப்டன்களும் இன்னும் நாலு மாதம் வெளியிலேயே இருப்பது. கூடவே, வெளியூரில் தங்கினால் தருகிற படியை எல்லாரும் விட்டுக்கொடுப்பது. "ஒரு கேப்டன் வெளியே இருந்தா ரெண்டு பேரை உள்ளே வெச்சுக்க முடியும். அவ்வளவுதான் கணக்கு" என்றார். இருபத்திரண்டு பேரின் பட்டியலையும் காட்டினார். காட்டுவதற்கு மட்டும்தான், கையில் தரமாட்டார்.

பூபதி பட்டியலைப் பார்த்தார். ஒன்பதாவது பெயர் சிவக்குமார்.

பத்து நிமிஷம் அவகாசம் கேட்டுக்கொண்டு மூன்று பேரும் வெளியே வந்தார்கள். நடைபாதையில் தண்ணீர் பிடிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதை தெரிந்தது.

"சார், எனக்கும் ஜெயபிரகாஷுக்கும் இதுல பெருசா நஷ்டம் இல்ல. அடி உங்களுக்குத்தான்" என்றார் பிரபா. அன்றைக்கு அவர் குரலில் வெடுக்கு இல்லை. "நீங்க வேண்டாம்னு சொன்னா நானும் வேண்டாம்னு சொல்லிடறேன். பேச்சு முறிஞ்சுதுன்னு போட்டுக்கலாம். உங்கள யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க."

"அந்தப் பசங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. வேலை போக இருந்த பேர்ல நானும் ஒருத்தன்னு நெனச்சுட்டு ஒருத்தர் விமானத்தை இறக்கறது நல்லதில்ல சார்."

வெளியே அவர்கள் கம்பெனி விமானம் ஒன்று ஓடி எழும்பியது. மூக்கைத் தூக்குகிற விதத்தை வைத்தே யார் ஓட்டுகிறார்கள் என்று பூபதியால் சொல்ல முடியும். நாலு மாதமாக அவர் கை எதையும் தூக்கவில்லை. இன்னும் இரண்டு மாதம்தான் என்று வீட்டுக் காலண்டரில் கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோட்டை நினைத்துக்கொண்டார். கெங்கவல்லியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, விற்றுப்போன நிலத்தை அந்தப் பையனின் அப்பா ரோட்டிலிருந்தே கைநீட்டிக் காட்டியதையும் நினைத்துக்கொண்டார். தண்ணீர் பிடித்துக் குடித்தார்.

"உள்ள போலாம் மேடம்" என்றார்.

உள்ளே போய், பதினான்கு கேள்விகளில் இல்லாத ஒன்றைக் கேட்டார். "நாலு மாசம் சேத்துனா பத்து மாசம் ஆயிருதுங்க. அத்தனை நாள் பறக்காதவனைத் திரும்ப ஏத்தறதுன்னா சிமுலேட்டர்ல முழுசா பயிற்சி குடுக்கோணும். பதினோரு பேருக்கு அந்தச் செலவு போட்டுப் பாத்தீங்களா? ரெண்டு மாசம்னா சின்னப் பரீட்சையோட போயிரும்." கண்ணாடிக்காரர் முதல் தடவையாகத் தாளைத் தேடினார். கிடைக்கவில்லை. எழுந்து போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். நாலு மாதம் இரண்டு மாதமாயிற்று. படியை ரத்து செய்வதில் மட்டும் இறங்கிவர மாட்டேன் என்றார் அவர். பூபதி கையெழுத்துப் போட்டார்.

"இந்தத் தடவை அறிக்கையை நீங்க எழுதுங்க சார். நீங்க நல்லா எழுதுவீங்க" என்றார் பிரபா. அதில் கேலி இருந்ததா என்று கடைசிவரை பூபதிக்குத் தெரியவில்லை.

மத்தியான ரயிலில் ஊர் திரும்பினார். காட்பாடியில் எழுத ஆரம்பித்து, ஜோலார்பேட்டையில் அழித்து, மொரப்பூரில் மறுபடி எழுதி, பொம்மிடி தாண்டி அனுப்பினார். கேப்டன்களின் விடுப்பு இரண்டு மாதம் நீட்டிப்பு, தங்கும் படி ரத்து, யாருக்கும் வேலை இழப்பு இல்லை. மூன்றே வரி. நாலாவது வரி எழுத முடியாத வரி.

முதல் பதில் வந்துசேர ஐந்து நிமிஷம் ஆகவில்லை. சிங்கம் என்று நினைத்து அனுப்பினோம் என்றார் ஒருவர். எவ்வளவுக்கு விலைபோனார் என்று விசாரித்தார் இன்னொருவர். பதினான்கு கேள்வியில் ஒன்றையாவது கேட்டாரா என்றார் மூன்றாமவர். கட்டைவிரல் படங்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. சேலம் நெருங்குகையில் சிவக்குமார் போன் செய்தான்.

"கேப்டன், நெஜமாவே நீங்களா கையெழுத்து போட்டீங்க?"

"ஆமா சிவா."

"தங்கற படி போச்சுன்னா எனக்கு மாசம் என்ன கேப்டன் நிக்கும்? பிரபா மேடம் போனா இதான் நடக்கும்னு தெரியும். நீங்க போறீங்கன்னுதான நாங்க அன்னைக்கி எழுந்து நின்னு கை தட்டினோம்."

நீ ஒன்பதாவது பெயரடா என்று சொல்ல பூபதிக்கு வாய் வரை வந்துவிட்டது. அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். மென்று விழுங்கினார்.

"பாக்கலாம் சிவா. உடம்பப் பாத்துக்க" என்றார்.

ஜங்ஷனில் சண்முகப்பிரியா காரோடு நின்றிருந்தார். விஷயம் அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. இன்னொரு விமானியின் மனைவி போன் செய்துவிட்டார். கார் சங்ககிரியைத் தாண்டியது. பிறகு கேட்டார்.

"இன்னும் ரெண்டு மாசமா? அங்க போயி என்னதாங்க பேசுனீங்க?"

"இருவத்திரண்டு பேரு ஊட்டுக்குப் போயிருப்பாங்க அம்மிணி. சின்னப் பசங்க."

சண்முகப்பிரியா கியரை மாற்றினார். "அதய அவிங்ககிட்டச் சொல்லிப்போட வேண்டியதுதான?"

"சொல்ல முடியாது."

"அப்ப வாங்கிக் கட்டிக்குங்க" என்றார். கொஞ்ச தூரம் போய், ரோட்டைப் பார்த்தபடியே, "ராத்திரிக்குக் கோழி அடிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அந்த வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று பூபதிக்குத் தெரியும். சரி என்றார்.

மறுநாள் பிரபாவை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இத்தன நாளா இதயெல்லாம் எப்படிங்க தாங்குனீங்க மேடம்?"

"ரெண்டு நாள் போனை எடுக்காதீங்க சார். மூணாவது நாள் அவங்களுக்கு வேற ஏதாவது கிடைச்சிடும்."

அப்படியேதான் ஆயிற்று. மூன்றாவது நாள் புதுச் சீருடையின் துணி சரியில்லை என்று குழுவில் பிரச்சினை கிளம்பி, எல்லாரும் அங்கே போய்விட்டார்கள்.

ஆறும் இரண்டுமாக எட்டு மாதம் முடிந்து — காத்திருந்தவருக்கு அது எட்டுக்கு மேலேதான் — பூபதி சிமுலேட்டர் என்கிற தரை விமானத்தில் பரீட்சை தேறி வேலைக்குத் திரும்பினார். இருபத்திரண்டு பேரும் வேலையில் இருந்தார்கள். இரண்டாவது வாரம் சென்னையிலிருந்து சேலம் வருகிற விமானம். இடப்பக்கம் பூபதி. வலப்பக்கம் சிவக்குமார்.

மேலே ஏறிச் சமன்பட்டதும் சிவக்குமார் ஆரம்பித்தான். படி போனது, பழைய சம்பளம் இன்னும் வராதது, சீருடைத் துணி, ஓட்டல் சாப்பாடு. "இந்தச் சங்கத்துல எங்கள மாதிரி சின்னவங்களுக்காக யாருமே நின்னது இல்ல கேப்டன். உங்கள வெச்சு சொல்லல. பொதுவா சொல்றேன்."

பூபதி அவனைப் பார்த்தார். சாதாரணமாக உட்கார்ந்திருந்தான். கை சரியான இடத்தில் இருந்தது, கண் கருவிகளில் இருந்தது, வாய் மட்டும் சங்கத்தில் இருந்தது. நல்ல விமானி. தனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை. அவன் அங்கே உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டிருப்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு நிறைவு. ஒரு மனிதருக்குத் தனியாக ரசிக்க இப்படி ஒன்றாவது வேண்டாமா?

"சிவா, பத்தாயிரம் அடிக்குக் கீழ எறங்கறோம். இனி விமானப் பேச்சு மட்டும்" என்றார்.

அந்த உயரத்துக்குக் கீழே விமானிகள் வேறு பேச்சு பேசக் கூடாது என்பது விமானத் துறை விதி. சிவக்குமார் சட்டென்று வாயை மூடிக்கொண்டு இறங்குகிற வேலையைப் பார்த்தான். ஏற்காட்டு மலை பக்கத்தில் வந்து ஒதுங்கியது. தூங்குகிற பயணிகள் விழிக்காமல் விமானம் தரையைத் தொட்டது.

இதோடு பூபதி திருந்திவிட்டார், கதை சுபம் என்று சொல்ல ஆசைதான். பொய் சொல்லக் கூடாது. இப்போது அவர் சங்கத்தின் துணைச் செயலாளர். ஊருக்கு வந்தால் பேக்கரியில் உட்கார்ந்து, "மெம்பருங்கன்னு இருக்கறாங்க பாரு மாப்ள, ஒருத்தனாச்சும் கூட்டத்துக்கு வாரானா, ஒன்னயாச்சும் படிக்கறானா, கேள்வி மட்டும் கேக்கத் தெரியுது" என்று மணியனிடம் புலம்புகிறார். மணியனுக்கு யார் பக்கம் தலையாட்டுவது என்று குழப்பம். சண்முகப்பிரியா முட்டை விலையைத் திட்டுவதை நிறுத்தவில்லை. பிரபா இப்போதும் போன் எடுப்பதில்லை. பூபதி எடுக்காததைப் பற்றித்தான் உறுப்பினர்களுக்குப் புதுக் குறை.

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தபோது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். உங்கள் அலுவலகத்தில், உங்கள் தெருவில், அச்சு அசலாக இதே மாதிரி ஒருத்தர். படித்து முடித்ததும் இதை அவருக்கு அனுப்பிவைக்கலாம் என்றுகூட நினைத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அவரும் இந்நேரம் இதைப் படித்து, உங்களுக்கு அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். எதற்கும் போனை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அது கிடக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு ஒரு கூட்டம் இருக்கிறது, அவசியம் வந்துவிடுங்கள். பார்த்தீர்களா, எந்தச் சங்கம், எங்கே கூட்டம் என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னாலேயே, அன்றைக்குச் சொந்தத்தில் ஒரு காதுகுத்து இருப்பது உங்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது.